நன்றாகக் கதைக்கிறேன், எழுதத்தான் கை ஓடுவதில்லை

கேள்வி: ஸ்காபரோவில் 13 வருடமாக இருக்கிறேன். கனேடியக் குடியுரிமையும் எடுத்துவிட்டேன். முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் பி.எஸ்.டபிள்யூ., அதாவது தனிநபர் பராமரிப்பு உதவியாளர் வேலை. ஊரில் ஏ.எல். (உயர்தரம்) வரை தமிழில் படித்தேன். இங்கிலீசில் கதைக்கப் பயமில்லை. ஆனால் ஒரு சம்பவ அறிக்கை எழுதச் சொன்னால் கை ஓடுவதில்லை. வேலைத்தலத்துக்கு ஈமெயில் போடுவதென்றால் மகள்தான் எழுதித் தருகிறாள். ஆர்.பி.என்., அதாவது பதிவுபெற்ற நர்ஸ் வேலைக்கான காலேஜ் படிப்புப் படிக்க ஆசை. உயர்நிலை வாசிப்பு, எழுத்து வகுப்பில் சேரலாம் என்று லிங்க் (புதிதாகக் குடியேறியவர்களுக்கான இங்கிலீசு) வகுப்புக்குக் கேட்டேன். குடியுரிமை எடுத்தவர்களுக்கு இல்லை என்றார்கள். 42 வயதில் இனி எங்கே போவது? நான் எழுதிப் பார்த்த ஒரு குறிப்பையும் அனுப்புகிறேன்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அன்புச் சகோதரி, லிங்க் இல்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது 1992 முதல் மத்திய அரசின் பணத்தில் நடக்கும் திட்டம். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் அகதிப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கும் உரியது. குடியுரிமை எடுத்தவுடன் அந்தத் தகுதி போய்விடும். ஒன்ராறியோவில் உங்களுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பள்ளிச் சபைகள் நடத்தும் வயதுவந்தோர் ஈ.எஸ்.எல்., அதாவது இங்கிலீசு தாய்மொழியாக இல்லாதவர்களுக்கான வகுப்பு. அதில் குடியுரிமை உள்ளவர்களும் சேரலாம். மற்றது, கம்யூனிட்டி காலேஜ்களில் நடக்கும் அகடமிக் அப்கிரேடிங், அதாவது காலேஜ் படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பு. மாகாண அரசு செலவைப் பொறுப்பதால் அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே ஏஸ் என்ற சான்றிதழுக்கான பாடங்கள் படிப்பிப்பார்கள். காலேஜ் அனுமதிக்கு 12ஆம் வகுப்புப் பாடத்துக்குப் பதிலாக அவற்றை ஏற்கிறார்கள். உங்களைப் போல் நன்றாகக் கதைக்கக்கூடிய, எழுத்தில் பின்தங்கியவர்களுக்கு அது பொருத்தமான இடம். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

முதலில் நீங்கள் விரும்பும் காலேஜின் அனுமதிப் பகுதியில் கேளுங்கள். ஆர்.பி.என். படிப்புக்கு 12ஆம் வகுப்பு இங்கிலீசுடன் கணிதமும் விஞ்ஞானமும் கேட்பார்கள். உங்கள் ஏ.எல். பெறுபேற்றை மதிப்பிட்டு அதில் எதை ஏற்பார்கள், எது குறைகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். தமிழ் மொழிமூலம் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் இங்கிலீசில்தான் தடை வரும். குறைவது அது மட்டும்தான் என்றால், எல்லாப் பாடத்தையும் திரும்பப் படிக்காமல் ஏஸில் கம்யூனிகேஷன்ஸ் என்ற ஒரு பாடம் போதுமா என்றும் கேளுங்கள். இதைக் கேட்காமல் தொடங்கி, தேவையில்லாத வகுப்பில் ஒரு வருடத்தைக் கழித்தவர்கள் உண்டு.

வகுப்புக்கு முன் மொழி மதிப்பீடு ஒன்று இருக்கும். கனேடிய மொழித்தரம், அதாவது சி.எல்.பி., 12 படிகள் கொண்டது. கேட்டல், கதைத்தல், வாசித்தல், எழுதுதல் நான்கையும் தனித்தனியாக அளப்பார்கள். ஒருவருக்குக் கதைப்பதில் 7, எழுத்தில் 5 என்று வருவது மிகச் சாதாரணம். உங்களுக்கும் அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன். பலர் கவலைப்படாமல் விடுவது இந்த இடத்தில்தான். பதிவு செய்யும் மேசையில் உங்கள் கதையைக் கேட்டுவிட்டு, “நல்லாய்த்தானே கதைக்கிறீங்கள்” என்று மேல் வகுப்பில் போட்டுவிடுவார்கள். 5ஆம் படியில் ஒழுங்கான ஒரு பந்தி எழுதினால் போதும். 7, 8இல் ஒன்றோடொன்று தொடரும் சில பந்திகள் எழுத வேண்டும். ஒரு பந்தியே நேராக நிற்காதபோது மூன்று பந்தி எழுதச் சொன்னால், மகளிடம் கொடுத்து எழுதும் பழக்கம் வகுப்புக்கும் வந்துவிடும். ஆகவே எழுத்துக்குக் கிடைத்த எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தப் படிக்கு உரிய எழுத்து வகுப்பைக் கேளுங்கள். மதிப்பீட்டுக்கு முன் மாதிரிக் கடிதங்களை மனப்பாடம் செய்துகொண்டு போகவும் வேண்டாம். அதனால் கூடுதலாக வரும் எண் உங்களுக்குத்தான் கெடுதல்.

வகுப்பைத் தெரிவு செய்யும்போது கேட்க வேண்டியவை சில. வகுப்பு நேரத்தில் எவ்வளவு நேரம் எழுத வைப்பார்கள்? திருத்திய தாளைத் திரும்ப எழுதச் சொல்வார்களா, புள்ளி போட்டுக் கையில் தருவதோடு சரியா? ஒரே வகுப்பில் எத்தனை படிகள் கலந்திருக்கும்? வாராவாரம் புதியவர்கள் வந்து சேர்வார்களா? புதியவர்கள் வந்துகொண்டே இருந்தால் ரீச்சர் பழைய பாடத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும். தவணைத் தொடக்கத்தில் மட்டும் ஆள் சேர்க்கும் வகுப்பு உங்களுக்கு நல்லது. இவற்றில் மிக முக்கியமானது இரண்டாவது கேள்வி. திருத்தியதைத் திரும்ப எழுதாத வகுப்பில் எழுத்து வளராது.

இனி உங்கள் குறிப்புக்கு வருகிறேன். “வென் ஐ வென்ட் டு ரூம் ஃபோர் கிவ் பிரேக்ஃபாஸ்ட், ஷி ஸ்லிப்ட் அன்ட் ஃபால்டவுன் அன்ட் ஐ டெல் நர்ஸ் அன்ட் நர்ஸ் கம் அன்ட் செக்” என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்தால் நடந்தது விளங்குகிறது. அது சின்ன விஷயமில்லை. பிழை எங்கே, ஏன் வந்தது என்று பார்ப்போம்.

இலக்கணத்தை விடப் பெரிய பிழை “ஸ்லிப்ட்” என்ற சொல். அந்த முதியவர் வழுக்கியதை நீங்கள் கண்டீர்களா? அறைக்குள் போனபோது அவர் நிலத்தில் இருந்ததைத்தான் கண்டீர்கள் என்றால், அறிக்கையில் அதை மட்டும்தான் எழுதலாம். கண்டது வேறு, ஊகித்தது வேறு. பிறகு யாராவது விசாரித்தால் அந்த ஒரு சொல் உங்களைக் கேள்வி கேட்கும். ஆகவே முதல் வசனம்: “அட் 0740, ஐ ஃபவுண்ட் த ரெசிடென்ட் சிட்டிங் ஆன் த ஃப்ளோர் பிசைட் ஹர் பெட்.” அடுத்தது: “ஐ டிட் நொட் சீ ஹர் ஃபோல்.” அவர் தானாக ஏதாவது சொல்லியிருந்தால் அதை அவர் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

இரண்டாவது, உங்கள் “அன்ட்” எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று கவனியுங்கள். தமிழில் “நான் போய், நர்ஸிடம் சொல்லி, அவர் வந்து, பார்த்து” என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். கடைசியில் ஒரு முற்றுவினை போதும். அந்தப் பழக்கத்தோடு இங்கிலீசு எழுதும்போது ஒவ்வொரு எச்சமும் ஒரு “அன்ட்” ஆகிவிடுகிறது. “அன்ட்” வரும் இடத்தில் வெட்டி, அங்கே முற்றுப்புள்ளி வையுங்கள்: “ஐ கோல்ட் த நர்ஸ். ஷி கேம் அட் 0742.” இது கைவந்த பிறகு இரண்டையும் இணைக்கப் பழகலாம்: “ஐ கோல்ட் த நர்ஸ், ஹூ கேம் அட் 0742.” தமிழில் “7.42க்கு வந்த நர்ஸ்” என்று விவரம் பெயருக்கு முன்னால் வருகிறது. இங்கிலீசில் அது பெயருக்குப் பின்னால் போகிறது. இந்த இடமாற்றம் பழகினால், நீண்ட வசனங்களை வாசிப்பதும் இலகுவாகும், ஏனென்றால் வாசிக்கும்போது உங்களைத் தடுமாற வைப்பவையும் இந்த வசனங்கள்தான்.

மூன்றாவது, “த”, “எ”. தமிழில் இவை இல்லை. அதனால் பத்து வருடம் கதைத்தவர்களுக்கும் விடுபடும். கதைக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள், எழுத்தில் பளிச்சென்று தெரியும். வாசிப்பவருக்கு எது என்று ஏற்கெனவே தெரியுமா என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் கேளுங்கள். தெரியும் என்றால் “த”. எண்ணக்கூடிய ஒன்றை முதன்முதலாகச் சொல்கிறோம் என்றால் “எ”. இந்த ஒரு கேள்வி பெரும்பாலான இடங்களில் உதவும். எல்லா விதிகளையும் ஒன்றாகப் படித்துக் குழம்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. உண்மையான வேலைத்தல அறிக்கையை வகுப்புக்குக் கொண்டு போகாதீர்கள், பெயரை வெட்டிவிட்டாலும் வேண்டாம். ஒன்ராறியோவில் 2004ஆம் ஆண்டின் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதே மாதிரி ஒரு சம்பவத்தைக் கற்பனையாக எழுதிப் பழகுங்கள்.

எழுதுவதற்கு 200 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். இடப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு 150 சொல். வலப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். ரீச்சர் திருத்தியபின் முழுவதையும் அந்தப் பக்கத்தில் திரும்ப எழுத வேண்டும். பிழையான சொல்லின் மேல் சரியானதைச் செருகுவது போதாது. எல்லாப் பிழையையும் ஒரே தடவையில் காட்ட வேண்டாம் என்று ரீச்சரிடமே சொல்லலாம். தாள் முழுக்கச் சிவப்பாக வந்தால் எதிலும் மனம் நிற்காது. இந்த மாதம் வினைச்சொல்லின் காலமும் “த”, “எ”யும், அடுத்த மாதம் வசன இணைப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளை எண்ணிக்கையோடு குறியுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த எண்ணிக்கையைப் பாருங்கள். படி ஏறுவதற்கு முன்னரே அங்கே மாற்றம் தெரியும்.

வாசிப்புக்கு 300, 400 சொல் அளவிலான கட்டுரை போதும். நூறு சொல்லில் தெரியாதவை இரண்டு மூன்றுக்கு மேல் இருந்தால் அது இப்போதைக்குக் கடினம், மாற்றிவிடுங்கள். முதல் தரம் பேனை இல்லாமல், அகராதி இல்லாமல் முடிவு வரை வாசியுங்கள். இரண்டாம் தரம் ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் அது என்ன வேலை செய்கிறது என்று தமிழில் இரண்டு சொல் எழுதுங்கள்: காரணம் சொல்கிறது, உதாரணம் தருகிறது, மறுக்கிறது. பிறகு கட்டுரையை மூடிவிட்டு இங்கிலீசில் 50 சொல்லில் சுருக்குங்கள். மூடாமல் எழுதினால் கை தானாகப் பார்த்து எழுதத் தொடங்கிவிடும். காலேஜில் அதைக் களவாகத்தான் கணக்கெடுப்பார்கள்.

சொற்களுக்கு, 2000இல் வந்த அகடமிக் வேர்ட் லிஸ்ட்டில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. பாடநூல்களில் அடிக்கடி வருபவை. நாளுக்கு மூன்று எடுத்தால் ஆறு மாதத்துக்குச் சற்று மேல். தமிழ்க் கருத்தை மட்டும் எழுதி வைத்தால் வாசிக்க உதவும், எழுத உதவாது. அந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் சொல்லையும் எழுதுங்கள். ரொறன்ரோவில் வசிப்பவர்களுக்கு ரொறன்ரோ பொது நூலகத்தின் அட்டை இலவசம். அங்கே கற்போருக்கான அகராதியை எடுத்துப் பார்த்தால் அந்தச் சேர்க்கைகள் உதாரண வசனத்திலேயே கிடைக்கும்.

மகளைப் பற்றி. அவள் உதவியை நிறுத்தச் சொல்லவில்லை, வரிசையை மாற்றுங்கள். ஈமெயிலை முதலில் நீங்கள் எழுதுங்கள், பிழையோடு. அவள் பிழையுள்ள வரிகளின் கீழ் கோடு மட்டும் போடட்டும், திருத்தம் உங்களுடையது. தொலைபேசியில் உள்ள மொழிபெயர்ப்பு, திருத்தும் செயலி எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்கு. தமிழில் எழுதி இங்கிலீசாக மாற்றினால் ஈமெயில் போகும், எழுத்து வராது. அனுமதித் தேர்வு எழுதும் அறையில் மகளும் இல்லை, தொலைபேசியும் இல்லை.

நேரத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். கிழமைக்கு இரண்டு மாலை வகுப்பு என்றால் அதே அளவு நேரம் வீட்டிலும் வேண்டும். ஒரு தவணையில் ஒரு படி ஏறாமல் போகலாம். 5இலிருந்து மேலே போகும் பாதை தொடக்கப் படிகளை விட மெதுவானது. அது உங்கள் வயதால் இல்லை. இரவு வேலை மாறி மாறி வருகிறது என்றால் வகுப்பு நாட்களை இப்போதே மேற்பார்வையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வருகை குறைந்தால் இடத்தை இழக்கலாம்.

மேற்பார்வையாளருக்குப் போடும் அந்த ஈமெயிலையே முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். நலம் விசாரித்துத் தொடங்க வேண்டாம். முதல் வரியில் எந்த நாட்கள் வேண்டும், எந்தத் திகதியிலிருந்து என்று கேளுங்கள். இரண்டாம் வரியில் காரணம். மூன்றாம் வரியில், யாரோடு ஷிஃப்ட் மாற்ற நீங்கள் தயார் என்பது. நான்கு வசனத்துக்கு மேல் போகாதீர்கள். எழுதிவிட்டு ஒரு இரவு விட்டு, காலையில் சத்தமாக வாசித்துப் பார்த்து அனுப்புங்கள்.