மாட்டின் மேல் உட்காரும் கொக்கு உண்ணியைத் தின்றுவிடுமா? மருந்து போடாமல் விடலாமா?

கொக்கை விரட்ட வேண்டாம், மருந்தையும் விட வேண்டாம். புதிதாக மாடு வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதே எண்ணத்தில் இருந்து ஒரு பசுவைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு வீராணம் ஏரிப் பக்கம். அறுத்த வயலில் மாடு மேய்ந்தால் கூடவே இரண்டு மூன்று கொக்கு நடக்கும். உண்ணிக்கொக்கு என்று பேரே இருக்கிறதே, அதுவே பொறுக்கித் தின்றுவிடும் என்று நம்பி, ஒரு மழைக்காலம் முழுக்க மருந்து போடாமல் இருந்தேன். எங்கள் ஜெர்சி கலப்புப் பசு திடீரென்று தீனி எடுக்கவில்லை. மறுநாள் சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தது. உண்ணிக் காய்ச்சல். நான்கு நாள் அதன் பக்கத்திலேயே சாக்கு விரித்துப் படுத்திருந்தேன். பிழைத்துவிட்டது.

அதற்கப்புறம்தான் கொக்கை ஒழுங்காகக் கவனித்தேன். அதன் பார்வை மாட்டின் காலடியில்தான் இருக்கும். மாடு நகர நகரப் புல்லிலிருந்து வெட்டுக்கிளி எழும்பும், அதைப் பிடிக்கும். தனியாக அலைவதைவிட இரையும் அதிகம், நடையும் குறைவு. மாட்டுக்கு ஈத்தொல்லை கொஞ்சம் குறையும். உண்ணியோ காதுக்குள், மடி இடுக்கில், வாலடியில் இருக்கும். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, கொட்டகைச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அங்கே எந்தக் கொக்கும் வராது.

'காதிலிருந்தே எடுக்கும், நான் பார்த்திருக்கிறேன்' என்று யாராவது சொல்வீர்கள். மாடு படுத்திருக்கும்போது நானும் பார்த்திருக்கிறேன். மைனாவும் எடுக்கும். எடுக்காது என்று நான் சொல்லவில்லை, அது போதாது என்கிறேன். ஆப்பிரிக்காவில் எருமை, காண்டாமிருகம் மேலேயே தொற்றிக்கொண்டு உண்ணி தின்னும் ஆக்ஸ்பெக்கர் பறவைகூடப் புண்ணைக் கொத்தி ரத்தம் குடிக்கும். அதே பறவை ஆள் வந்தால் கத்தி எச்சரிக்கும் என்பதால், சுவாஹிலி மொழியில் அதற்குக் காண்டாமிருகத்தின் காவலன் என்று பேர்.

நம் ஊரில் விரட்ட வேண்டியது காக்கையை, அதுவும் மாட்டுக்குப் புண் இருந்தால். 'எருதின் நோய் காக்கைக்குத் தெரியுமா' என்று எங்கள் ஆயா சொல்லிக்கொண்டே வேப்பெண்ணெய் தடவும். கரிச்சான் முதுகில் உட்கார்ந்தால் விட்டுவிடுங்கள். பூச்சியும் பிடிக்கும், பக்கத்தில் கூடு இருந்தால் காக்கையையும் துரத்தும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்ட நாட்களின் பாலை விற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார், நிறுத்தினேன். பால் எடுக்கும் இடத்தில், 'எல்லோரும் ஊற்றத்தானே செய்கிறார்கள், நீ மட்டும் ஏன் நிறுத்தினாய்' என்று கேட்டார்கள். பிள்ளைகள் குடிக்கிற பால் அது. கீழே கொட்டிய பாலுக்கு யாரும் ஒரு ரூபாய் தரவில்லை, பரவாயில்லை. அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.