பச்சை வாந்தியும் ‘பித்த’மும்: குழந்தைகளின் வயிற்றுவலி, வாசகர் கேள்விகள்

குழந்தைகளின் வயிற்றுவலி பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மலச்சிக்கலும் பூச்சியும்தான். அவற்றை இன்னொரு முறை பார்ப்போம். அடிக்கடி வராத, ஆனால் கோட்டைவிட்டால் பெரிய இழப்பாகிவிடும் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவராக என்னைத் தூங்கவிடாதவை இவைதான்.

என் ஐந்து வயது மகனுக்கு ஆறு மாதத்தில் மூன்று தடவை திடீரென்று வயிறு வலித்துப் பச்சையாக வாந்தி எடுத்தான். ஒவ்வொரு முறையும் ஒரே நாளில் சரியாகிவிட்டது. ‘பித்தம்’ என்கிறார் மாமியார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். மாமியார் சொன்னதில் பாதி சரி. அந்தப் பச்சை பித்தநீர்தான். கீழே போக வேண்டிய பித்தநீர் ஏன் மேலே வந்தது என்பதுதான் நம் கவலை. பலமுறை வாந்தி எடுத்து வயிறு காலியான குழந்தைக்குக் கடைசியில் கொஞ்சம் மஞ்சளாக வரலாம். இலைப்பச்சையாக வந்தால், குடல் எங்கோ அடைபட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

கரு வளரும்போது குடல் கொஞ்ச காலம் தொப்புள்கொடிக்குள் போய்த் தங்கி, 270 டிகிரி சுழன்று, வயிற்றுக்குள் திரும்பிவந்து பின்சுவரில் அகலமாக ஒட்டிக்கொள்ளும். சில குழந்தைகளுக்கு இந்தச் சுழற்சி பாதியில் நின்றுவிடுகிறது. அப்போது கிட்டத்தட்ட சிறுகுடல் முழுவதும் ஒரு மெல்லிய காம்பில் தொங்கும். அதற்கான ரத்தக்குழாயும் அந்தக் காம்புக்குள்தான் ஓடுகிறது. காம்பு முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். பெரும்பாலும் பிறந்த முதல் மாதத்திலேயே இது தெரிந்துவிடும், ஆனால் எந்த வயதிலும் வரலாம். முறுக்கி, தானே அவிழ்ந்து, மறுபடி முறுக்கும் குழந்தைகளும் உண்டு. உங்கள் மகன் கதை எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

வலியில்லாத நாளில் எடுத்த ஸ்கேனை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. குடலை எக்ஸ்ரேயில் பளிச்செனக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே வேண்டும். இரைப்பையை அடுத்த குடல் பகுதி முதுகெலும்பைத் தாண்டி இடப்பக்கம் ஏறியிருக்கிறதா என்று அதில் பார்ப்போம். ஏறவில்லை என்றால் ஆபரேஷன். பாஸ்டனில் அறுவை சிகிச்சை மருத்துவர் வில்லியம் லாட் 1936இல் எழுதிவைத்த முறையைத்தான் இன்றும் செய்கிறோம். மறுபடி பச்சையாக வந்தால் மட்டும் எக்ஸ்ரே தேதிக்குக் காத்திருக்காமல், நடுராத்திரியானாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இரண்டு நாள் கஷாயம் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்த ஒரு குழந்தையின் வயிற்றைத் திறந்தபோது குடல் கறுத்துப்போயிருந்தது. அந்தத் தாய்மீது எனக்குக் கோபமே வரவில்லை. பச்சை வாந்திக்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டென்று அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பதின்மூன்று வயதுப் பையன். விடியற்காலையில் அடிவயிறு வலிக்கிறதென்று எழுந்தான், வாந்தியும் எடுத்தான். அப்பெண்டிக்ஸ் என்று நினைத்துப் போனால், டாக்டர் ஜட்டியைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். அவன் கூச்சப்பட்டு மறுத்துவிட்டான். அது அவசியமா?

மிக மிக அவசியம். விதை முறுக்கிக்கொண்டால் வலி அடிவயிற்றில் தெரியலாம். இந்த வயதுப் பையன்கள் வெட்கத்தில் ‘வயிறு வலிக்குது’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் விதையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் போகப்போக வாய்ப்புக் குறையும். சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காமல் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவோம். வயிற்றுவலியோடு வரும் பையன்களை இடுப்புக்குக் கீழே பார்க்காமல் அனுப்பும் மருத்துவரிடம், ‘அங்கேயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் டாக்டர்’ என்று நீங்களே கேளுங்கள். வீட்டில் அப்பாவோ மாமாவோ இதைப் பையனிடம் முன்கூட்டியே பேசிவைத்தால் இன்னும் நல்லது.

ஒன்பது வயது மகள் மெலிந்துகொண்டே வந்தாள், ஓயாமல் தண்ணீர் குடித்தாள். வயிற்றுவலி, வாந்தி என்று போனோம். சர்க்கரை நோய் என்றார்கள். வயிற்றுவலிக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் அமிலம் சேர்கிறது. அதனால் வயிறு ஆபரேஷன் செய்ய வேண்டிய அளவுக்கு வலிக்கலாம். வேகமாக ஆழமாக மூச்சு வாங்குவதும், வாயில் பழவாசனை வருவதும் இதன் அடையாளங்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் நிமிடத்தில் தெரிந்துவிடும். சிகிச்சை தொடங்கிச் சில மணி நேரத்தில் வயிற்றுவலியும் அடங்கும். அடங்காவிட்டால் வயிற்றை மறுபடி பார்க்க வேண்டும்.

ஆறு வயதுப் பெண்ணுக்கு வயிற்றுவலி. நாலாம் நாள் காலிலும் பின்புறத்திலும் ஊதா நிறப் புள்ளிகள். டெங்குவோ என்று பயந்தோம், பிளேட்லெட் நார்மல்.

உங்கள் பயம் நியாயமானது. பிளேட்லெட் நார்மலாக இருந்து, புள்ளிகள் தொட்டால் சற்று மேடாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் அழற்சி, அதாவது ஹீனாக் ஷோன்லைன் பர்ப்யூரா. சில குழந்தைகளுக்குப் புள்ளிகளுக்கு முன்பே வயிறு வலிக்கும். அந்த இடைவெளியில் எந்த மருத்துவரும் குழம்பத்தான் செய்வார். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் மலத்தில் ரத்தம் வந்தாலோ, வலி விட்டுவிட்டு முறுக்கி எடுத்தாலோ உடனே வாருங்கள். குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். புள்ளிகள் மறைந்த பிறகும் ஆறு மாதத்துக்குச் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவர வேண்டும். சிறுநீரகம் சத்தமில்லாமல் பாதிக்கப்படக்கூடும்.

விளையாட்டுச் சாமானிலிருந்த குட்டிக் காந்த உருண்டைகளை மகன் விழுங்கிவிட்டான். வாழைப்பழம் கொடுத்தால் வெளியே வந்துவிடுமா?

வாழைப்பழம் வேண்டாம், வேறெதுவும் கொடுக்காமல் உடனே கிளம்புங்கள். ஒன்றுக்கு மேல் போயிருந்தால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே அவை ஒன்றையொன்று இழுத்து, இடையில் சிக்கிய குடலில் ஓட்டை போட்டுவிடும். முதலில் குழந்தை நன்றாக ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கூடலூர் பக்கம், பழங்குடிக் குடும்பம். அண்ணன் மகனுக்கு அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறது. அடிக்கடி வயிற்றுவலி வருகிறது.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1952இல் கண்டறியப்பட்டதே உங்கள் நீலகிரியில்தான். வளைந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும்போது வயிறும் வலிக்கும், கைகாலும் வலிக்கும். வழக்கமான வலிதான் என்று இருந்துவிடக் கூடாத நேரங்கள் உண்டு. காய்ச்சல் அடித்தால், அல்லது இடது விலாவுக்குக் கீழே திடீரென வீங்கிப் பையன் வெளிறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மண்ணீரலில் ரத்தம் தேங்குவது சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அரிவாள் செல் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வலி மாத்திரை கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்கிறார்களே?

பழைய பயம் அது. எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுப்பதால் நோயைக் கண்டுபிடிப்பது கெட்டுப்போகாது. வலி சற்றுத் தணிந்த குழந்தை வயிற்றைத் தொடவிடும், எங்களுக்கும் பார்க்க எளிது. வாந்தி நிற்காவிட்டால் வாய்வழியே எதுவும் கொடுக்காமல் கூட்டிவாருங்கள். விளக்கெண்ணெய், பேதி மருந்து, எனிமா மூன்றும் கூடாது. அப்புறம், வாந்தியை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளா பச்சையா என்று கேட்டால் அதைக் காட்டினாலே போதும்.