டீப் பர்ப்பிளின் 'இன் ராக்': கேள்வி பதில்

கேள்வி: 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தவிர டீப் பர்ப்பிள் பாட்டு எதுவும் எனக்குத் தெரியாது. 'இன் ராக்' ஆல்பத்தை எல்லோரும் இவ்வளவு கொண்டாடுவது ஏன்?

பதில்: டீப் பர்ப்பிள் ஒரு பிரிட்டிஷ் ராக் குழு. நீங்கள் சொல்லும் பாட்டு 1972-இல் வந்த 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் இருக்கிறது. அதை வாசித்த அந்த முரட்டு டீப் பர்ப்பிள் உருவானது 1970 ஜூனில் வெளியான 'இன் ராக்'கில்தான். அது அவர்களுடைய நான்காவது ஸ்டுடியோ ஆல்பம். முதல் மூன்றையும் கேட்டுவிட்டு இதைப் போட்டால் வேறு யாரோ வாசிப்பது போலிருக்கும். 1968-இல் அமெரிக்காவில் நான்காம் இடம் வரை போன 'ஹஷ்' கூட இன்னொருவர் எழுதிய பாட்டு. 'இன் ராக்'கில் ஏழு பாட்டுகள். ஏழுக்கும் குழுவின் ஐந்து பேரும் சேர்ந்துதான் உரிமை கொண்டாடுகிறார்கள்.

கேள்வி: திடீரென்று ஏன் இந்த மாற்றம்?

பதில்: இரண்டு காரணங்கள். முதலாவது, 1969 கோடையில் ஆள் மாறியது. பாடகர் ராட் எவன்ஸும் பேஸ் வாசித்த நிக் சிம்பரும் நீக்கப்பட்டு, 'எபிசோட் சிக்ஸ்' குழுவிலிருந்து இயன் கில்லனும் ரோஜர் குளோவரும் வந்தார்கள். எவன்ஸின் குரல் மென்மையான பாட்டுகளுக்கு அழகாகப் பொருந்தும், ஆனால் கிட்டார் சீறும்போது அதற்கு மேலே ஏறி நிற்காது. கில்லனின் குரல் நிற்கும்.

இரண்டாவது காரணம் ஒரு மனத்தாங்கல். 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து ஒரு கச்சேரி செய்தார்கள். ஆர்கன் கலைஞர் ஜான் லார்ட் எழுதிய இசை அது. பெயர் வந்தது, பத்திரிகைகள் எழுதின. ஆனால் 'ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் குழு' என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்று கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோருக்குக் கவலை. அடுத்தது முழுக்க ராக் ஆல்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அடுத்த மாதமே பதிவு தொடங்கியது. கச்சேரிகளுக்கு நடுவே நேரம் கிடைத்தபோதெல்லாம் லண்டனில் மூன்று ஸ்டுடியோக்களில் பதிவு செய்து, 1970 ஏப்ரலில் முடித்தார்கள்.

கேள்வி: அப்படியென்றால் இது பிளாக்மோரின் ஆல்பம், லார்ட் தோற்றுவிட்டார் என்று சொல்லலாமா?

பதில்: பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. இந்த ஆல்பத்தின் கனத்தில் பாதி லார்டின் ஆர்கனிலிருந்து வருகிறது. அவர் வாசித்த ஹாமண்ட் என்ற மின் ஆர்கனை வழக்கமாக லெஸ்லி என்ற ஸ்பீக்கர் பெட்டி வழியாகத்தான் ஒலிக்க விடுவார்கள். அதற்குள் ஒலியைச் சுழற்றிவிடும் அமைப்பு இருப்பதால் நாதம் அலை அலையாக, இதமாக வரும். லார்ட் அதை ஒதுக்கிவிட்டு, கிட்டாருக்கென்று செய்த மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் ஆர்கனை இணைத்தார். ஒலி கிழிந்து, கரகரத்து, உறுமத் தொடங்கியது. கிட்டாருக்கும் ஆர்கனுக்கும் வித்தியாசம் தெரியாத இடங்கள் இதில் நிறைய உண்டு. 'ஹார்ட் லவ்வின் மேன்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள், புரியும். ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதிய அதே மனிதர் சில மாதங்களில் இப்படி வாசித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

கேள்வி: 'சைல்ட் இன் டைம்' பாட்டின் மெட்டு சுட்டது என்கிறார்களே?

பதில்: ஆரம்ப ஆர்கன் மெட்டு, 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' என்ற சான் பிரான்சிஸ்கோ குழுவின் 'பாம்பே காலிங்' என்ற வயலின் இசையிலிருந்து வந்தது. பெயரில் பம்பாய் இருப்பதைப் பார்த்துத்தான் நானும் அதைத் தேடிப்போய்க் கேட்டேன். அது ஓட்டமாக ஓடும் இசை. டீப் பர்ப்பிள் வேகத்தைக் குறைத்து, அதன்மேல் குருட்டு மனிதன் ஒருவன் உலகத்தை நோக்கிச் சுடும் வரிகளை வைத்தது. அந்தக் குழுவும் சும்மா இருக்கவில்லை, டீப் பர்ப்பிளின் 'ரிங் தட் நெக்' மெட்டை எடுத்துத் தன் அடுத்த ஆல்பத்தில் வைத்துக்கொண்டது. கணக்கு நேர்.

ஆனால் மெட்டோடு இந்தப் பாட்டு முடிந்துவிடுவதில்லை. பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. கில்லன் முதலில் முணுமுணுப்பாக, சொல்லே இல்லாமல் ஆலாபனை போலத் தொடங்குகிறார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி ஏறி, கடைசியில் உச்சஸ்தாயியில் அலறுகிறார். அப்புறம் பிளாக்மோரின் கிட்டார் வேகம் பிடித்து ஓடி, சட்டென்று நிற்கிறது. மறுபடியும் அந்த அமைதியான ஆர்கன். அவ்வளவு அமைதி அங்கே இல்லையென்றால் அந்த அலறலுக்கு இத்தனை கனம் வந்திருக்காது. இதைக் கேட்டுத்தான் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' ஆல்பத்தில் இயேசுவாகப் பாட கில்லனை அழைத்தார்கள்.

கேள்வி: அவர்களுடைய 'பிளாக் நைட்' பாட்டு ஏன் இந்த ஆல்பத்தில் இல்லை?

பதில்: அது தனி சிங்கிளாக வந்தது. பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. ஆல்பம் அங்கே நான்காம் இடம்.

கேள்வி: அட்டையில் இருக்கும் மலை?

பதில்: அமெரிக்காவின் ரஷ்மோர் மலை. அங்கே பாறையில் செதுக்கியிருப்பது நான்கு ஜனாதிபதிகளின் முகங்கள், அட்டையில் இவர்கள் ஐந்து பேரின் முகங்கள்.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எந்தப் பதிப்பை வாங்கலாம்?

பதில்: 1995-இல் வந்த 25-ஆம் ஆண்டுப் பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். அமெரிக்காவில் முதலில் வந்த தட்டில் 'ஸ்பீட் கிங்' தொடக்கத்திலுள்ள இரைச்சலை வெட்டிவிட்டார்கள். அந்த இரைச்சல் முழுசாக இருப்பதைத்தான் கேட்க வேண்டும். 1995 பதிப்பில் 'பிளாக் நைட்' இருக்கிறது. இன்னொரு நல்ல விஷயமும் உண்டு: இதே 'ஸ்பீட் கிங்' பாட்டை லார்ட் பியானோவில் வாசித்த முந்தைய பதிவு. அதை முதலில் கேளுங்கள், கால் தானாகத் தாளம் போடும் நல்ல ராக் அண்ட் ரோல். கேட்டுவிட்டு உடனே ஆல்பத்தில் இருக்கும் பதிவைப் போடுங்கள். அதே ஐந்து பேர், அதே பாட்டு, பியானோ இருந்த இடத்தில் அந்த ஆர்கன்.