மட்டி எண்ணுகிற படிப்புக்கு மகளை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

"நல்ல மார்க் வாங்குகிற பெண், கடலில் மட்டி எண்ணப் போகிறேன் என்கிறாள். நர்சிங் என்றால்கூட மனசு ஆறும்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து நம் கடலில் பரவும் சிப்பி போன்ற உயிர்களைக் கண்டறியும் வேலை அது. அவள் கேட்பது விளையாட்டு ஆசை இல்லை.

எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் சிப்பி, தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகளுக்கு உரியது. கப்பல்கள் எடைச் சமநிலைக்காக நிரப்பிக்கொள்ளும் நீரிலும், அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் இப்படிப்பட்ட உயிர்கள் கடல் தாண்டுகின்றன. காக்கா ஆழி நாரால் ஒன்றோடொன்று பிணைந்து சேற்றின் மேல் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிடும். அடியில் இருக்கும் மஞ்ச மட்டி மூச்சுமுட்டிச் சாகும், இறால் புதைய இடமிருக்காது. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பங்களின் பிழைப்பு பறிபோவது இப்படித்தான்.

1999-ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில், இப்படி வெளியிலிருந்து வந்த கறுப்புவரிச் சிப்பி என்ற வேறொரு இனம் ஒரு ஆய்வின்போது கண்ணில் பட்டது. உடனே துறைகளை மூடி, குளோரினும் காப்பர் சல்பேட்டும் கலந்து, சில வாரங்களில் ஒழித்துவிட்டார்கள். கதவு வைத்து அடைக்கக்கூடிய துறைகள் என்பதும் உதவியது. அதே கறுப்புவரிச் சிப்பி விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு 1960-களிலேயே வந்து நிலைத்துவிட்டது. திறந்த கழிமுகத்தில் பரவிய பிறகு எத்தனை கோடி செலவழித்தாலும் முழுதாக எடுக்க முடியாது. அதனால்தான் முதல் சில சிப்பிகளைப் பார்த்ததுமே அடையாளம் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும் என்கிறேன். நம்மிடம் அப்படிப்பட்டவர்கள் குறைவு.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். பிவிசி தகடுகளைக் கயிற்றில் கட்டித் துறைமுக ஓரத்தில் தொங்கவிடுவார்கள். சில மாதம் கழித்துத் தூக்கினால் கொட்டலசு, சிப்பி, பாசி என்று அப்பியிருக்கும். படம் எடுத்து, சுரண்டி, எத்தனாலில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். காக்கா ஆழி கறுப்பு, பழுப்பு, பச்சை, வரி போட்டது என்று பல நிறத்தில் வரும். குஞ்சாக இருக்கையில் நம்மூர் பச்சை ஆழியோடு குழம்பும். நிறத்தை நம்பாமல் ஓட்டைத் திறந்து உள்ளே தசை பதிந்த தடத்தைப் பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் டிஎன்ஏ சோதனை. படகில் போகும் நாட்களைவிட மைக்ரோஸ்கோப் முன் உட்காரும் நாட்களே அதிகம். அந்தப் பொறுமை உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள். டால்பினும் பவளமும் பார்க்கத்தான் ஆசை என்றால் இது அவளுக்கான வேலை இல்லை.

படிப்பில் என் முதல் சிபாரிசு பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் இளங்கலை. நான்கு வருடம். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்க வேண்டும். தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன; பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பக்கம்தான். மீன்வளத்துறை அரசுப் பணிகளுக்கும் இந்தப் பட்டம் உதவும் என்பதால், வேலை கிடைக்குமா என்ற உங்கள் பயத்துக்கும் இது பதில். இடம் கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் எம்.எஸ்சி. சேரலாம்.

வேலை விஷயத்தில் மறைக்காமல் சொல்கிறேன். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. மண்டபத்தில் கிளை வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோவாவின் தேசிய கடலியல் நிறுவனம் போன்ற இடங்களில் தொடக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் புராஜெக்ட் வேலை. புராஜெக்ட் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். விஞ்ஞானி ஆக வேண்டுமென்றால் நெட் தேர்வு, பிஎச்.டி. என்று நீளும். முப்பது வயதுக்கு முன் சம்பளம் பெரிதாக இருக்காது. அதுவரை வீட்டுச் செலவு அவளை நம்பி இருக்காது என்றால் தைரியமாக அனுப்பலாம். இல்லையென்றால் பி.எஃப்.எஸ்சி. முடித்ததும் டிஎன்பிஎஸ்சி எழுதட்டும். மேற்படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கப்பல்கள் எடைக்காக நிரப்பும் அந்த நீர் (பேலஸ்ட் நீர்) பற்றிய சர்வதேச ஒப்பந்தம் 2017-ல் அமலுக்கு வந்தபின், அந்த நீரைச் சோதிக்கும் தனியார் ஆய்வகங்களும் ஒரு வழி.

"பெண் பிள்ளை, படகில் எப்படி" என்ற கேள்விக்கு: குழுவாகத்தான் போவார்கள், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ள வேண்டும். டைவிங் எல்லா வேலைக்கும் தேவையில்லை. நீச்சல் மட்டும் இந்தக் கோடை விடுமுறையிலேயே கற்றுக்கொள்ளட்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போய், மட்டி எடுக்கும் பெண்களிடம் பேசவிடுங்கள். நீங்களும் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.