சாகித்திய அகாதெமி விருதுப் பட்டியலைப் பார்த்துத் தமிழ்ப் புத்தகம் வாங்கலாமா? அந்த விருதின் வரலாறு என்ன?

தாராளமாக வாங்கலாம். ஆனால் பட்டியலில் உள்ள எழுத்தாளரை நம்பும் அளவுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் நூலை நம்ப வேண்டாம். ஏன் என்பதற்கு விருதின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்திய மொழிகளின் இலக்கியத்துக்கான தேசிய அமைப்பான அகாதெமி 1954 மார்ச்சில் தில்லியில் தொடங்கியது. நேருதான் முதல் தலைவர். மறுவருடமே விருது வந்துவிட்டது. தமிழில் முதலில் பெற்றவர் ரா.பி. சேதுப்பிள்ளை, நூல் 'தமிழின்பம்'. 1956இல் கல்கியின் 'அலை ஓசை'. கல்கி 1954 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். ஆக, இரண்டாவது விருதே எழுதியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. 1957, 1959, 1960 ஆண்டுகளில் தமிழுக்கு விருதே இல்லை. அப்போது தமிழில் எழுத ஆளா இல்லை?

விருது ஆளுக்கு அல்ல, நூலுக்கு. அதுவும் சமீபத்திய சில ஆண்டுகளுக்குள் வெளிவந்த நூலாக இருக்க வேண்டும். ஒருவருடைய பெரிய நாவல் வந்த காலத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டால், பிறகு கிடைக்கிற நூலுக்குத்தான் கொடுக்க முடியும். 'மோகமுள்' எழுதிய தி. ஜானகிராமனுக்கு 1979இல் 'சக்தி வைத்தியம்' தொகுப்புக்காகக் கிடைத்தது. பாரதிதாசன் மறைந்தது 1964இல். விருது 1969இல், 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு. கவிதைக்கு இல்லை!

நான் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற சென்னைத் தெருவில் வளர்ந்தவன். அசோகமித்திரனின் 'தண்ணீர்' படித்தபோது எங்கள் தெருவையே யாரோ எழுதிவைத்த மாதிரி இருந்தது. அவருக்கு விருது 1996இல், 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்காக. நல்ல தொகுப்புதான். ஆனால் பட்டியலை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் 'தண்ணீர்' என் கைக்கு வந்தே இருக்காது.

எனக்கு ஆறாத வருத்தம் சி.சு. செல்லப்பா விஷயத்தில்தான். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, புதுக்கவிதைக்கு இடம் கொடுத்து, புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்து ஊர் ஊராக விற்றவர். திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகமாகத் தம் செலவிலேயே பதிப்பித்தார். 1998 டிசம்பரில் காலமானார். அந்த நாவலுக்கு விருது 2001இல் வந்தது. பைகிராப்ட்ஸ் ரோடு பழைய புத்தகக் கடைகளுக்குப் போகும்போதெல்லாம், அவர் நடந்த தெருக்கள் இவை என்று நினைத்துக்கொள்வேன். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 வரை தமிழில் இந்த விருது பெற்ற பெண்கள் நான்கே பேர்: ராஜம் கிருஷ்ணன் (1973), லட்சுமி (1984), திலகவதி (2005), அம்பை (2021). எழுபது வருடத்தில் நான்கு என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அப்புறம், மறைந்த கவிஞர் இன்குலாபுக்கு 2017இல் அறிவித்தபோது, அவர் கொள்கையை மதித்துக் குடும்பத்தினர் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இத்தனை குறை சொன்னாலும் விருது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் 5,000 ரூபாயாக இருந்த தொகை இப்போது 1 லட்சம். அதைவிட, விருது அறிவித்த வாரமே அந்தப் புத்தகத்தைத் தேடி ஆட்கள் கடைக்கு வருகிறார்கள். ஜனவரியில் நடக்கும் நம் சென்னைப் புத்தகக் காட்சியில் அதை முன்வரிசையில் அடுக்கிவைக்கிறார்கள். தமிழ் எழுத்தாளருக்கு அது சின்ன விஷயம் இல்லை. கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' (1991), பூமணியின் 'அஞ்ஞாடி' (2014) மாதிரி சரியான நூலுக்கே சரியாகப் போய்ச் சேர்ந்த வருடங்களும் உண்டு.

நீங்கள் சென்னையில்தானே இருக்கிறீர்கள்? எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் பட்டியலோடு போங்கள். பிடித்த பெயர் ஒன்றை எடுத்து, விருது பெற்ற நூலோடு அவருடைய வேறு இரண்டு நூல்களையும் புரட்டிப் பாருங்கள். அப்புறம் வாங்குங்கள். எதில் தொடங்குவது என்று கேட்டால், கி.ரா.வில் தொடங்குங்கள் என்பேன்.