புரோகிராம் கோடு எழுத எவ்ளோ பெரிய கம்ப்யூட்டர் வேணும்?

கேள்வி: அண்ணா, பிஎஸ்சி முடிச்சிட்டு வீட்லருந்தே வெப்சைட் வேலை, ஆண்ட்ராய்டு ஆப் வேலை பண்றேன். இருக்கிறது அக்காவோட பழைய லேப்டாப், 8 ஜிபி ரேம். எமுலேட்டர் போட்டா அப்டியே நின்னுடுது. டெஸ்க்டாப் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனா கடைக்காரர் ஐ7 எடு, கிராபிக்ஸ் கார்டு போடுங்கிறாரு, ஃப்ரெண்டு ஐ3யே போதும்ங்கிறான். யார் சொல்றத கேக்கறது?
(வாசகர், கொடுங்கையூர்)

பதில்: ரெண்டு பேருமே உன் வேலைய பாக்காம சொல்றாங்க தம்பி. அந்த லேப்டாப்லயே டாஸ்க் மேனேஜர தொறந்து வெச்சிட்டு வழக்கமான வேலைய பண்ணு. மெஷின் திணர்ற நேரத்துல எது உச்சில நிக்குது, மெமரியா (ரேம்தான்), டிஸ்க்கா, சிபியுவா (பிராசசர்), அத பாரு. பணம் அங்கதான் போகணும். உன் கேஸ்ல மெமரிதான்னு பந்தயமே கட்டுவேன், ஏன்னா ஆப் எழுதற ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஒரு பக்கம், பின்னாடி ஆப்ப கட்டித் தர்ற கிரேடில், எமுலேட்டர்னா ஒரு முழு போனே உள்ள ஓடுது, கூட குரோம்ல எத்தன டேப்னு உனக்கே தெரியாது, இதெல்லாம் 8 ஜிபில எங்கருந்து அடங்கும், ரேம் பத்தலன்னா விண்டோஸ் எல்லாத்தையும் டிஸ்க்குல தள்றதும் எடுக்கறதுமா கெடக்கும், அப்ப ஐ7 இருந்தாலும் சும்மா கைய கட்டிட்டு நிக்கும். எமுலேட்டரோட ஓட்ட 16 ஜிபி வேணும்னு கூகுளே சொல்லுது. முடிஞ்சா 32 போடு. இப்ப 16தான் முடியும், போர்டுல ரெண்டே ஸ்லாட்டுதான்னா ஒரே 16ஆ வாங்கி இன்னொண்ண காலியா விடு, பின்னாடி சேத்துக்கலாம்.

அடுத்தது எஸ்எஸ்டி, அதுலயும் வேகமான என்விஎம்இ வகை. வெப்சைட் வேலைக்கு எறக்குற நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர்ல ஆயிரக்கணக்கா குட்டி ஃபைல், பழைய ஹார்ட் டிஸ்க்குல முள்ளு அங்கயும் இங்கயும் ஓடியே டைம் போய்டும். ஹார்ட் டிஸ்க் பேக்கப்புக்கு மட்டும்.

பிராசசர்ல 6 கோர் (உள்ள தனித்தனியா வேலை செய்ற மூளைன்னு வெச்சுக்கோ) இருந்தா தாராளம். ஐ5 12400, இல்ல ரைசன் 5 5600ஜி, இந்த ரேஞ்சு. பில்டு போடும்போது, அதாவது எழுதுன கோட ஆப்பா மாத்தும்போது, எல்லா கோரும் வேலை செய்யும், டைப் அடிக்கும்போது ஒண்ணும் செய்யாது. ஐ7ங்கிற பேர்ல மயங்காத. 4வது ஜெனரேஷன் ஐ7க்கும் 4 கோர், 12வது ஜெனரேஷன் ஐ3க்கும் 4 கோர், ஆனா அந்த ஐ3தான் நல்லா வேகம், அதனால உன் ஃப்ரெண்டு சொன்னதும் முழுசா தப்பில்ல. கிராபிக்ஸ் கார்டு கேம், 3டி, ஏஐ மாடல் ட்ரெயினிங்னு போனாதான். ஒண்ணு மட்டும் உஷாரு, கொஞ்சம் சல்லிசா இருக்கேன்னு 12400எஃப் தூக்கிட்டு வந்துடாத, கடைசில எஃப் இருந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது, தனியா கார்டு போடாம மானிட்டர்ல ஒண்ணும் வராது.

மிச்சம் புடிக்கிற காசுல 24 இன்ச் மானிட்டரும் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கு, பில்டு நடுவுல கரண்ட்டு போனா தெரியும் அதோட அருமை. கீழ் வீடுன்னா கேபினட்ட தரையில வெக்காத, டிசம்பர் மழைய பத்தி கொடுங்கையூர்க்காரனுக்கு நான் சொல்லணுமா!

கேள்வி: ஆபீஸ்ல கழிச்சு விட்ட 6வது ஜெனரேஷன் ஐ5 டெஸ்க்டாப் செகண்ட் ஹேண்ட்ல கிடைக்குது. பையன் பைத்தான் கத்துக்க போதுமா சார்?
(வாசகி, வியாசர்பாடி)

பதில்: தாராளமா போதும்மா. ஆனா அந்த ஜெனரேஷன் பிராசசருக்கு விண்டோஸ் 11 சப்போர்ட் கிடையாது, விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சிபோச்சு. விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் வகையில உபுண்டுவோ மின்ட்டோ போட்டு குடுங்க, ரெண்டும் இலவசம், பைத்தானும் அதுலயே இருக்கும். உள்ள ஹார்ட் டிஸ்க்குதான்னா ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் எடத்துலயே மாட்டற வகை) மாத்த சொல்லிடுங்க. "ஐ7 வேணும்"னு பையன் அடம் புடிச்சா அது பைத்தானுக்கு இல்ல, கேமுக்கு.

கேள்வி: எங்க வீடு கடலோரம். திடீர்னு டிஸ்பிளே வர மாட்டேங்குது. புதுசு வாங்கிடலாமா?
(வாசகர், காசிமேடு)

பதில்: அவசரப்படாதீங்க. உப்பு காத்துல ரேம் காலு கறுத்துப்போய் காண்டாக்ட் விட்டிருக்கலாம். பிளக்க புடுங்கிட்டு ரேம கழட்டி, பென்சில் ரப்பரால மெதுவா தேச்சு, தூள ஊதிட்டு திரும்ப அழுத்தி மாட்டுங்க. அப்பவும் வரலன்னா மெக்கானிக்க கூப்பிடுங்க. சிஸ்டத்த ஜன்னல் பக்கத்துலருந்தும் நகத்திடுங்க.