ஈயம் உருக்க எந்தச் சட்டி, எந்த அடுப்பு? கேட்டவங்களுக்கு ஒரே இடத்துல பதில்

ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சா போதும், ஜூன் 14 வரைக்கும் கரையில வலை பொத்துறதும் ஈயம் மாத்துறதும்தான் வேலை, எனக்கும் அப்பதான் கேள்வி குவியும். மண்டபம் பக்கம் வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன், வலைக்கு ஈயக்குண்டும் வார்த்துக் குடுக்குறேன். இதுவரை வந்த கேள்வியெல்லாம் சேர்த்துப் பதில் போட்டுர்றேன்.

பாம்பன்ல இருந்து ஒரு தம்பி: அண்ணே, வீட்ல பழைய அலுமினியக் குண்டான் ஒண்ணு சும்மா கிடக்கு, அதுல உருக்கலாமா? அலுமினியம் 660 டிகிரியிலதான் உருகும், ஈயம் 327லயே உருகிரும்னு படிச்சேன்.

நீ படிச்ச நம்பர் ரெண்டும் சரிதான் தம்பி, ஆனா அலுமினியம் உருகுற வரைக்கும் கெட்டியா நிக்கும்னு நினைக்கிற பாரு, அங்கதான் தப்பு. 300 டிகிரி தாண்டுனாலே அதோட பலம் பாதிக்கு மேல போயிரும், அதுவும் தீ நேரா படுற அடிப்பாகம் உள்ள இருக்க ஈயத்தவிட சூடா இருக்கும், மேல பத்து கிலோ பாரம் வேற. திடீர்னு அடி கழண்டு மொத்தமும் காலடியில கொட்டும். அலுமினியம் வேண்டவே வேண்டாம், பழைய குக்கரும் அதே கதைதான்.

தங்கச்சிமடம்: அப்ப எவர்சில்வர்? மண்சட்டி?

எவர்சில்வர ஈயம் ஒண்ணும் பண்ணாது, பிரச்சனை அதோட மெல்லிசான தகடும் கைப்பிடியும்தான். கைப்பிடிய ரெண்டு புள்ளியில பத்தவச்சிருப்பான், அது சாம்பார் தூக்குறதுக்கு. மண்சட்டி ஈரம் குடிக்கும், சூட்டுல விரிசல் விடும், அந்தப் பக்கமே போகாதீங்க. கால்வனைஸ் வாளி, ஜிஐ பைப்பு துண்டு இதெல்லாமும் கூடாது, மேல இருக்க துத்தநாகம் புகையும், ஈயத்துலயும் கலக்கும்.

ஏர்வாடி: வார்ப்பிரும்புச் சட்டி நல்லதா, நீங்களே வெல்டிங் வச்சுச் செஞ்சு தர்றது நல்லதா?

ரெண்டும் நல்லதுதான். வார்ப்பிரும்பு சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும், ஆனா கீழ விழுந்தாலோ சூடா இருக்கப்ப தண்ணி பட்டாலோ விண்டுரும். நான் செஞ்சு தர்றது 6 இஞ்ச் எம்எஸ் பைப்பு, அதாவது சாதா இரும்பு பைப்பு, அரை அடிக்குக் கொஞ்சம் கம்மியா வெட்டி, அடியில 5 எம்எம் பிளேட்டு வச்சு முழுசா வெல்டு. தண்ணி ஊத்தி ஒழுக்கு பாத்துட்டு அப்புறம் தீயில காயவைக்கணும், இது முக்கியம்.

இன்னொண்ணு, இத யாரும் யோசிக்கிறதே இல்ல. ஒரு லிட்டர் ஈயம் 11 கிலோவுக்கு மேல. நான் சொன்ன சைஸ் சட்டி ரெண்டு லிட்டர் சொச்சம் புடிக்கும், முழுக்க நிறைச்சா 22 கிலோவத் தாண்டிரும். அதனால பாதி, மிஞ்சிப் போனா மூணுல ரெண்டு பங்குதான். பெரிய சட்டி வாங்குறவங்க எல்லாம் ஒரே தடவையில முடிச்சுரலாம்னு வாங்குறாங்க, என்னக் கேட்டா சின்னச் சட்டி, கனமான அடி, அகலமான ஸ்டாண்டு. சட்டியத் தூக்கி ஊத்தாம இரும்புக் கரண்டியால மொண்டு ஊத்துங்க.

கீழக்கரை: அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. கேஸா, கரியா? நம்ம ஊர்ல கருவேலங்கரி மலிவு.

வ அலைக்கும் ஸலாம் தம்பி. கருவேலங்கரி நல்ல கரி, ப்ளோயர் போட்டா பட்டறையில இரும்பே பழுக்குது, ஈயத்துக்கு அது ரொம்ப ஜாஸ்தி. ஈயத்துக்கு வேண்டியது 350ல இருந்து 400 டிகிரிக்குள்ள நிக்கிற நிதானமான சூடு. கரியில சூட்டை ஏத்தலாம், வேணுங்கிறப்ப டக்குனு இறக்க முடியாது. 500 தாண்டிருச்சுன்னா ஈயப்புகை ஜாஸ்தியாயிரும், அது கண்ணுக்கும் தெரியாது. அதனால நான் கேஸ் பக்கம், கல்யாணச் சமையலுக்கு வைக்கிற மாதிரி இரும்பு ரிங் பர்னர், காத்து மறைக்க மூணு பக்கம் தகடு. சிலிண்டர தள்ளி வைங்க, டியூப் மேல ஈயம் தெறிக்காத தூரத்துல. தொழிலா வார்க்குறவங்க வீட்டு 14.2 கிலோ சிலிண்டர எடுக்கக்கூடாது, கமர்ஷியல்தான்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். 10 கிலோ ஈயம் உருகக் குடிக்கிற சூட்டை விட அது இருக்குற 5 கிலோ இரும்புச் சட்டி காயத்தான் ஜாஸ்தி சூடு போகும், அவ்வளவு லேசா உருகுற சாமான் இது. கரிதான் இருக்குன்னா ப்ளோயர் இல்லாம, கொஞ்சமா போட்டு, சட்டிய மேல தூக்கி வச்சு ஓட்டலாம். இண்டக்‌ஷன் அடுப்பு கேட்டவங்களுக்கு: அது சமையல் சூட்டுக்கு மேல போகாம தானா கட் ஆயிரும்.

தொண்டி: சூட்டை அளக்க துப்பாக்கி மாதிரி ஒரு மீட்டர் ஆன்லைன்ல இருக்கே?

பளபளன்னு இருக்க ஈயத்துல அது கம்மியாவே காட்டும், நம்பாதீங்க. உள்ள முக்குற கம்பியோட வர்ற கே டைப் மீட்டர் வாங்குங்க. அதுவும் இல்லன்னா நல்லாக் காஞ்ச குச்சிய ஒரு நொடி முக்கி எடுங்க, பழுப்பா கருகி லேசா புகைஞ்சா சரியான சூடு, குப்புனு பத்திக்கிச்சுன்னா அடுப்பைக் குறைங்க. மேல்பரப்பையும் பாருங்க. மேல மிதக்குற கசடை ஒதுக்குன உடனே கண்ணாடி மாதிரி இருக்கும், சூடு மீறுனா கண்ணு முன்னாடியே மஞ்சளும் ஊதாவுமா ஆடை ஓடும்.

மூக்கையூர்: பழைய வலையில அறுத்த ஈயம் மூட்டை கணக்கா இருக்கு, அப்படியே போடலாமா?

இதுக்குத்தான் காத்திருந்தேன். கடல்ல கிடந்த ஈயத்துல ஓட்டைக்குள்ள உப்பும் ஈரமும், நூல் துண்டும் இருக்கும். தண்ணி ஆவியானா 1700 மடங்கு விரியும். உருகுன ஈயத்துக்கு மேல ஒரு சொட்டு விழுந்தா சீறிட்டுப் போயிரும், அதே சொட்டு ஈயத்துக்கு அடியில போச்சுன்னா சட்டியில இருக்குறதெல்லாம் முகத்துக்கு வரும். அதனால நல்ல தண்ணியில அலசி, வெயில்ல காயவச்சு, காலிச் சட்டியில குளிர்ந்த நிலையிலயே போட்டு அடுப்பைப் பத்தவைங்க. உருகிட்டு இருக்கப்ப மேல மேல போடுற பழக்கம் வேண்டாம். போட்டே ஆகணும்னா சட்டி ஓரத்துல வச்சு சூடேத்தி, இடுக்கியால மெதுவா இறக்குங்க. அச்சும் கரண்டியும் கூட முன்னாடியே சூடா இருக்கணும். கடற்கரை மணல்ல குழி தோண்டி ஊத்துறாங்களே, அதப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்கும்.

முந்தின நாள் ஈயம் சட்டியில உறைஞ்சு கிடந்தா அடியில மட்டும் வேகமா தீ குடுக்காதீங்க, மேல கட்டி மூடியிருக்க அடியில உருகுனது பீச்சி அடிக்கும். வேலை முடிஞ்சதும் அடியில ஒரு விரக்கடை மட்டும் விட்டுட்டு மிச்சத்தக் கட்டியா வார்த்துருங்க.

தேவிபட்டினம்: டயர் கடையில சக்கரத்துல மாட்டுற வெயிட்டு, பழைய பேட்டரி இதெல்லாம்?

டயர் வெயிட்டுல இப்ப இரும்பும் துத்தநாகமும் கலந்து வருது. கீழ போட்டா ஈயம் மந்தமா விழும், மத்தது கணீர்னு கேக்கும். துத்தநாகம் 419 டிகிரியிலதான் உருகும், நீங்க 380ல நிறுத்துனா மிதக்கும், அள்ளிப் போட்டுரலாம். இதுக்கும்தான் அந்த நிதானச் சூடு. கிளிப் வச்ச வெயிட்டுல ஆண்டிமணிங்கிற இன்னொரு உலோகம் கலந்திருக்கும், ஈயம் விறைப்பாயிரும், கயித்துல வச்சு நசுக்குனா விண்டுரும். வலைக்கு மெத்து ஈயம்தான் வேணும்.

பேட்டரிய உடைக்கவே உடைக்காதீங்க. ஆசிட் ஒரு பக்கம், அந்தத் தகட்டுத் தூளும் கசடும் மகா விஷம். முழுசாக் கடையில திருப்பிக் குடுங்க, 2022 பேட்டரிக் கழிவு விதிப்படியும் அதுதான் முறை.

பெரியபட்டினம்: அண்ணே, எங்க வீட்ல அவர் சமையக்கட்டுக்குப் பின்னாடியே உருக்குறாரு, புள்ளைங்க விளையாடுற இடம். துணி மாஸ்க் போட்டுக்கிட்டாப் போதுங்குறாரு.

போதாது தங்கச்சி, துணி மாஸ்க் ஈயப்புகைய நிறுத்தாது. புகைய விட கசடுத் தூள்தான் வீட்டுக்குள்ள வரும், சட்டையில, கையில, கால்ல. புள்ளைங்க ரத்தத்துல ஈயம் இவ்வளவு இருந்தாப் பரவால்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, வயித்துல இருக்க புள்ளைக்கும் போகும். வீட்ட விட்டுத் தள்ளி வெட்டவெளியில, காத்து பக்கவாட்டுல அடிக்கிற மாதிரி நின்னு செய்யச் சொல்லுங்க, சோளகக் காத்து சுழட்டி அடிக்கிற அன்னைக்கு வேண்டாம். முழுக்கைப் பருத்திச் சட்டை, பேண்ட்டு, ஷூ, கண்ணாடி, தோல் கையுறை. லுங்கியும் செருப்பும் போட்டுக்கிட்டு நிக்கக்கூடாது. வேலை நேரத்துல பீடி, டீ, வெத்தலை எதுவும் கிடையாது, முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, அந்தத் துணிய தனியாத் துவைக்கணும். கசடை மூடி போட்ட டின்ல வச்சிருந்து, ஈயம் மறுசுழற்சிக்கு அனுமதி வாங்குனவங்ககிட்ட சேர்க்கணும், கிணத்தடியில கொட்டக்கூடாது. அந்தச் சட்டியும் கரண்டியும் இனி சமையக்கட்டுக்குள்ள வரவே கூடாது, மறந்து எடுத்துராம இருக்க சட்டியில செவப்புப் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க. ஏற்கெனவே ரொம்ப நாளா அங்கதான் உருக்குனாருன்னா புள்ளைங்களக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட சொல்லி ரத்தத்துல ஈய அளவு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருங்க.